முட்டையிட்ட ‘ஆண்’

மலேசியாவின் பகாவ் ஊரில் நடக்கும் மாலை வகுப்பில் நாளை என் முறை. ஒரு வண்ணத்துப்பூச்சியின் இனம், துணை இனம், ஆணா பெண்ணா என்பதை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். நான் பாம்ஃப்ளை என்ற வண்ணத்துப்பூச்சியை எடுத்துக்கொண்டேன். அதன் புழு பனை வகை ஓலைகளைத் தின்னும். எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம். தேடி அலைய வேண்டாம்.

இனத்தில் சந்தேகமில்லை. சிறகை மூடினால் காய்ந்த ஓலைத் துண்டு. விரித்தால் கருப்பு, ஓரத்தில் நீலம். பெண்ணைத்தான் காணவில்லை. பெண் ஆரஞ்சு நிறம் என்கிறது தமிழ்நாட்டில் அச்சான என் கையேடு. தமிழில் எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான் என்பதால் வரிவரியாக நம்பினேன். காலையிலும் மாலையிலும் பார்த்தேன். எல்லாம் கருநீலம். எல்லாவற்றையும் ‘ஆண்’ என்றே குறித்தேன். அப்படி இருக்க முடியாது என்றும் தோன்றியது. நான் சரியாகப் பார்க்கவில்லையோ என்ற பயத்தோடு நாளை எப்படிப் பேசுவது?

இன்று வகுப்புத் தோழி அஃப்ரின் மோட்டார் சைக்கிளில் வந்தாள். நான் எதைச் சொன்னாலும் ‘என்று நினைக்கிறேன்’ என்று முடிப்பதால் அவள் எனக்கு வைத்த பெயர் ‘நினைக்கிறேன்’.

“என்னடி நினைக்கிறேன், பொண்ணு கெடச்சுதா?”

“இல்ல. எல்லாம் ஆம்பளயாவே இருக்கு.”

“பொண்ணு பாக்கப் போயி ஆம்பளயா பாத்துட்டு வர்றவ நீ ஒருத்திதான் லா.”

அப்போது தாழ்ந்த ஓலை ஒன்றில் ஒரு கருநீலம் வந்து தொற்றியது. “இதோ, இன்னொரு ஆம்பள,” என்றேன். அது வயிற்றை வளைத்து ஓலையின் அடிப்பக்கம் தொட்டுவிட்டுப் பறந்தது. அஃப்ரின் ஓலையைத் திருப்பினாள். வெளிர்மஞ்சளாக ஒரு சிறு முட்டை.

“ஒன் ஆம்பள முட்ட போட்டுட்டுப் போவுது, ரோகினி.”

சிரித்து முடித்து, கைப்பேசியில் மலேசியப் பதிவுகளைத் தேடினோம். இங்குள்ள துணை இனம் அஜினா. அதில் பெண்ணும் கருநீலமே. தமிழ்நாட்டுப் பெண், பறவைகள் தின்னாத ஓர் ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சியைப் போல வேடமிடுகிறது. இங்குள்ளது, பறவைகள் தின்னாத ஒரு கருநீல இனத்தைப் போல. கையேட்டில் பிழையில்லை. அது இந்த ஊருக்காக எழுதப்படவில்லை.

“அப்போ நீ ஆம்பளன்னு எழுதினதெல்லாம்?”

“பாதி பொம்பளயா இருக்கும்னு...” நிறுத்தினேன். அவள் புருவத்தை உயர்த்திக் காத்திருந்தாள். “மத்தது தெரியாது. இது பொம்பள. நான் பாத்தேன்.”

பழைய குறிப்புகளில் ‘ஆண்’ என்பதையெல்லாம் அடித்து, ‘தெரியவில்லை’ என்று எழுதிவிட்டேன். நாளைக்கு ஒரு வரி போதும்: பாம்ஃப்ளை, அஜினா, பெண்.

அந்த ஓலையில் சிவப்பு நாடா கட்டி, தோட்டத்தில் குலையோடு ஓலையையும் வெட்டும் மகேந்திரன் அண்ணனிடம் அதை வெட்ட வேண்டாம் என்று சொன்னேன்.

“ஒத்த முட்டைக்கா?” என்றார். “சரி, இருந்துட்டுப் போவட்டும் லா.”