முயலுக்கு மூன்றரை அங்குலம்

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றேகால் மணிக்கு அந்த ஆள் வந்தபோது ஜஹீதா கடையில் தனியாக இருந்தாள். கணவர் ஷாஹுல் ஹமீது ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் அவர்களுடைய கடை. புதுக் கத்திகள் விற்பார்கள், பழையவற்றுக்குச் சாணை பிடித்துக் கொடுப்பார்கள். கல்யாணமாகி வந்த இரண்டாவது வருடத்திலிருந்து அவளும் சாணைக்கல்லில் உட்கார்ந்து வேலை செய்கிறாள். கறிக்கடைக்காரர்கள் சிலர் அவள் கையால் தீட்டினால்தான் வாங்குவார்கள்.

வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. வெளியே அவருடைய ஸ்கூட்டர் என்ஜின் அணையாமல் நின்றது. சட்டைப் பைக்குள் அவசரமாகத் திணித்த அடையாள அட்டையின் நீல நாடா வெளியே தொங்கியது. வலது கை விரல்களில் சாக்பீஸ் தூள்.

"ஒரு கத்தி வேணும். முயல் வேட்டைக்கு."

"இன்னா சார், காட்டு முயலா? அதப் புடிச்சா ஃபாரஸ்ட்காரன் கேஸ் போட்டுடுவானே."

"இல்லல்ல. ஃபிரண்டு பண்ணையில வளர்க்கறான். கொட்டிவாக்கம் தாண்டி."

பண்ணையில் வளர்க்கிற முயலுக்கு வேட்டை எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒரு சிறிய கத்தியை எடுத்து வைத்தாள். மூன்றரை அங்குல அலகு, கைக்கு அடங்கின மரப்பிடி.

"முயலுக்கு இதுதான் சார். தோலு மெல்லிசு. பெரிய கத்தி வெச்சா கறியும் சேந்து கிழியும். முனை பாருங்க, கொஞ்சம் கீழ எறங்கியிருக்கு. வயித்தத் தெறக்கும்போது குடல்ல குத்தாது. குத்திடுச்சுன்னா கறி பூரா நாறிடும்."

அவர் அதைத் தொடக்கூட இல்லை.

"இது சின்னது. நீளமா, கூரா இருக்கணும். எட்டு, ஒன்பது இஞ்ச்."

"முயலு என் முழங்கை நீளம்கூட வராதே சார். எப்படிப் புடிப்பீங்க, வலையா, கண்ணியா?"

"கத்தியாலதான்."

ஜஹீதாவின் கை பெட்டியின் விளிம்பில் அப்படியே நின்றது. முயலைக் கத்தியால் யாரும் பிடிப்பதில்லை. முயல் அடங்கிய பிறகுதான் கத்திக்கு வேலை. இந்த மனிதர் வாழ்நாளில் ஒரு முயலையும் உரித்ததில்லை என்பது அவளுக்கு உறுதியாகிவிட்டது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வியர்வை கன்னத்தில் வழிந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

கிடையாது என்று சொல்லி அனுப்பிவிடலாம். நாலு கடை தள்ளிப் பாத்திரக்கடையில் வாங்கிக்கொள்வார். அங்கே யாரும் எதற்கென்று கேட்கப்போவதில்லை. தொழுகை முடிந்து கணவர் வர இன்னும் அரை மணி நேரமாகும்.

"பெருசு கீது சார், உள்ள எடுத்துத் தரேன்," என்றாள். "ஆனா எந்தக் கத்தியும் கடையில மொட்டையாத்தான் வரும். பதம் போட்டாத்தான் அறுக்கும். மொதல்ல இத முடிச்சிடறேன், ரெண்டும் எடுத்துட்டுப் போங்க. இருபது நிமிஷம்."

"பத்து நிமிஷம்."

"சரி, பத்து. வண்டிய ஆஃப் பண்ணுங்க சார், புகை உள்ள வருது."

அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு வெளியே போய் வண்டியை நிறுத்தினார். திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றி, கைப்பேசியோடு சேர்த்துக் கல்லாமேசையில் வைத்தார். இப்போதே வெளியே ஓடிப்போய் யாரையாவது கூப்பிடலாம் என்று ஜஹீதாவுக்குத் தோன்றியது. அவள் ஓடவில்லை. மின்சாரச் சாணையை விட்டுவிட்டு, கைக்கல்லை எடுத்துத் தண்ணீர் விட்டாள். மெஷினில் இரண்டு நிமிட வேலை. கல்லில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இழுக்கலாம்.

"ரொம்ப சாய்க்கக் கூடாது சார்," அவள் பேசிக்கொண்டே தேய்த்தாள். "படுக்க வெச்சு, முதுக ரெண்டு தீக்குச்சி கனத்துக்குத் தூக்கினாப் போதும். ரெண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை. வேலை முடிஞ்சதும் கழுவித் தொடச்சு, ஒரு சொட்டு தேங்காண்ணெ தடவணும். தோல் உறையில போட்டு வெச்சீங்கன்னா ஈரம் புடிச்சுத் துரு ஏறும். கத்தி கெடறது வெட்டறதால இல்ல சார், வெட்டினப்புறம் கவனிக்காததால."

அவர் கேட்கவில்லை. வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்தார். கைப்பேசி அடித்தது. திரையில் 'ஜொவி' என்று வந்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"எடுத்துப் பேசுங்க சார்."

"வேண்டாம்."

மூன்றாவது முறை அடித்தபோது அவர் அதைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார். அப்போதுதான் சுவர்ப் பலகையைப் பார்த்தார். தேனாம்பேட்டைக் கறிக்கடைக்காரர் ஒருவருக்காகக் காலையில் தீட்டி மாட்டியிருந்த எலும்பு நீக்கும் கத்தி அங்கே தொங்கியது. ஒல்லியான, நீண்ட அலகு. அவள் எழுவதற்குள் எட்டி எடுத்துவிட்டார்.

"இது போதும். இதைக் கொடுங்க."

"அது வேற ஒருத்தரோடது."

"எவ்வளவுன்னு சொல்லுங்க."

"சார், அது முயலுக்கு இல்ல."

"எனக்குத் தெரியும்," என்றார் அவர்.

சந்தில் ஒரு குப்பை வண்டி பாட்டுப் போட்டபடி போனது. அவருக்கும் வாசலுக்கும் நடுவில் யாரும் இல்லை. ஜஹீதா கல்லை விட்டு எழுந்தாள்.

"யாருக்கு சார்?"

அவர் கத்தியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"அதுல பிடிக்குத் தடுப்பு கிடையாது. பலமா அழுத்தினா கை வழுக்கி உங்க விரல்தான் மொதல்ல போவும். இப்பவே பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். பிடியோடு அலகின் அடியையும் சேர்த்துப் பிடித்திருந்தார். ஆள்காட்டி விரலின் கீழே ரத்தம் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. வலிக்கவில்லை போல. கத்தியை மட்டும் விடவில்லை.

"ஏழு மாசம்," என்றார். குரல் வகுப்பில் பாடம் சொல்வது போலத் தட்டையாக இருந்தது. "என் தங்கச்சி பின்னாடியே சுத்தறான். ஆதம்பாக்கத்துக்காரன். ரெண்டு தடவை ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்தோம். அவனைக் கூப்பிட்டுப் பேசி அனுப்பிட்டாங்க. ஒன்பது நாளா அவ வீட்டை விட்டு வெளிய வரலை. இன்னிக்குக் காலையில எங்க வீட்டு ஜன்னலை ஃபோட்டோ எடுத்து அனுப்பியிருக்கான். உள்ள அவ துணி மடிச்சுக்கிட்டு இருக்கா, அதுல தெரியுது. மூணு மணி வரைக்கும் அவன் கொட்டிவாக்கத்துல வேலை பார்க்கற இடத்துல இருப்பான்."

கைப்பேசி மறுபடி அடித்தது. ஜஹீதா கை நீட்டி அதை எடுத்தாள். அவர் கத்தியோடு ஒரு அடி முன்னால் வந்தார். அவள் பின்வாங்காமல் பச்சையைத் தொட்டு, ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அண்ணா, எங்க இருக்க? ஸ்கூல்ல பாதியில போயிட்டேன்னு சொல்றாங்க."

"மா, நான் கத்திக் கடையிலேருந்து பேசறேன். உங்க அண்ணன் இங்கதான் கீறாரு. கையில கத்தி வெச்சிருக்காரு. குடுக்க மாட்டேங்கறாரு."

ஜஹீதா கைப்பேசியை அவர் பக்கம் நீட்டினாள்.

"லாய்ட்," என்றது அந்தக் குரல். அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "நீ ஜெயிலுக்குப் போயிட்டா என்னோட யாரு இருப்பா? அம்மாவும் இல்ல, அப்பாவும் இல்ல. பாவம்னு வந்து பார்க்கறவங்க ரெண்டு நாள் வருவாங்க. அப்புறம் இந்த வீட்ல நானும் அந்த ஜன்னலும்தான். அதுக்கா போற?"

"நீ ஃபோனை வை, ஜொவிட்டா."

"வைக்க மாட்டேன். கடை எங்க இருக்குன்னு சொல்லுங்கக்கா. நான் வர்றேன்."

"நீ வெளிய வராத," என்று லாய்ட் கத்தினார். அந்த ஒரு முறைதான் அவர் குரல் உயர்ந்தது. "அவன் வேலைக்குப் போகாம வீட்டுக்குக் கீழ நின்னாலும் நிப்பான்."

"நின்னா நிக்கட்டும். நான் வர்றேன்."

ஜஹீதா வழி சொன்னாள். அதற்குப் பிறகு கடந்த நிமிடங்கள்தான் அன்றைக்கு மிக நீளமானவை. லாய்ட் வாசலில் நின்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் அவளை வழிமறித்துவிட்டால் என்ற நினைப்பு இப்போது அவரைப் பிடித்து ஆட்டியது. கிளம்பவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஒரு கட்டத்தில் கையிலிருந்ததை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் சுற்றிப் பார்த்தார். ஜஹீதா பழைய துணி ஒன்றை விரித்து நீட்டினாள். அவர் அதில் கத்தியை வைத்தார். அவள் அதைச் சுருட்டி, கல்லாவுக்குள் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஆட்டோ வந்து நின்றது. இறங்கிய பெண் நைட்டியின் மேல் துப்பட்டா போட்டிருந்தாள். காலில் ஜோடி சேராத செருப்பு. வெயிலில் கண்கள் கூசின. அண்ணனின் கையைப் பிடித்துப் பார்த்தாள். ஜஹீதா கொடுத்த தண்ணீரில் கழுவி, துப்பட்டா நுனியால் அழுத்திப் பிடித்தாள். இருவரும் அழவில்லை. லாய்ட் கடைப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

"ஃபோட்டோ அனுப்பினது அழிக்காம இருக்குல்ல?" என்று ஜஹீதா கேட்டாள்.

"எல்லாம் இருக்குக்கா. ஏழு மாசத்துதும் இருக்கு."

"அப்போ அந்த ஸ்டேஷனுக்கு மேல யாரு கீறாங்களோ அங்க போங்க. ஒரு வக்கீலக் கூட்டிட்டுப் போங்க. இன்னிக்கே."

ஷாஹுல் ஹமீது தொழுகை முடிந்து வந்தபோது அவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வண்டியை ஜொவிட்டாதான் ஓட்டினாள். நடந்ததைக் கேட்டு ஷாஹுல் மனைவியைத் திட்டினார். திட்டிக்கொண்டே டீ வாங்கி வந்து கொடுத்தார். மாலைக்குள் சுவர்ப் பலகையில் இருந்ததையெல்லாம் பூட்டு போட்ட கண்ணாடி அலமாரிக்கு மாற்றினார்.

இரண்டு மாதம் கழித்து ஜொவிட்டா தனியாகக் கடைக்கு வந்தாள். பின்னால் சுற்றியவனைக் கைது செய்தார்களாம். பதினாறு நாள் உள்ளே இருந்தான். இப்போது ஜாமீனில் இருக்கிறான், அவர்கள் இருக்கும் பக்கம் வரக்கூடாது என்று நிபந்தனை. இதுவரை வரவில்லை.

"அண்ணன் எப்படிக் கீறாரு?"

"அன்னிக்குப் பாதியில போனதுக்கு ஸ்கூல்ல மெமோ கொடுத்தாங்க, அவ்வளவுதான். இங்க வரச் சொன்னா வரமாட்டேங்கறான். உங்க முகத்தைப் பார்க்கக் கூச்சமா இருக்காம்."

"இதுல இன்னா கூச்சம்."

ஜொவிட்டா டீயைக் குடித்துவிட்டு எழுந்தாள். படியிறங்கியதும் சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு முறை பார்த்தது போதாமல் இன்னொரு முறை பார்த்தாள். ஜஹீதா கையைத் துடைத்துக்கொண்டு, "கடையப் பாத்துக்கோங்க," என்று கணவரிடம் சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாப் வரைக்கும் அவளோடு நடந்தாள்.