தொமோயேவின் காது

மூன்றாவது பிளேயரை மேசைமேல் ஏற்ற இரண்டு ஆள் வேண்டியிருந்தது. கடைக்காரர் சோகாபே ஒரு பக்கம் பிடித்தார். மறுபக்கம் பிடிக்க எழுந்த கணவரின் கோட்டைப் பின்னாலிருந்து இழுத்து உட்காரவைத்துவிட்டு, தொமோயே தானே போய்ப் பிடித்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் மிஸோ சூப் அண்டா தூக்கிய கை. அலுங்காமல் ஏற்றிவிட்டாள்.

"சிடி போடுற பொட்டி இவ்ளோ கனமா? உள்ள கல்லு வெச்சிருக்காங்களா?"

"கனமா இருந்தாத்தான் அதிராது. அதிரலேன்னாத்தான் சத்தம் சுத்தமா வரும்" என்றார் கணவர் குனிஹிரோ. இரண்டு வருடமாகப் பத்திரிகைகளில் படித்துப் படித்து மனப்பாடமாகிவிட்ட வாக்கியம்.

எழுபத்தேழு வயது அவருக்கு. இமாபாரியிலிருந்து தீவுகளுக்குப் போகும் கப்பலில் முப்பத்தெட்டு வருடம் இன்ஜின் அறையில் இருந்தவர். வேலை முடிந்து வந்து குளித்துவிட்டுப் பின்பக்க அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவார். அங்கே இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள், ஒரு நாற்காலி, சுவர் முழுக்க அடுக்கடுக்காகச் சிடித் தட்டுகள். போன அக்டோபரில் பழைய பிளேயர் தட்டுகளைப் படிக்க மறுத்தது. அதே மாதம் டாக்டர் அவருடைய இதய வால்வைப் பற்றிச் சொன்னார். அறுவைச் சிகிச்சை செய்து பார்க்கலாம், ஆனால் இந்த வயதில் உறுதி சொல்ல முடியாது என்றார். குனிஹிரோ யோசிக்கவேயில்லை.

"இத விட்டுடலாம் டாக்டர். பிளேயர மட்டும் மாத்திக்கறேன்."

டாக்டருக்குப் புரியவில்லை. தொமோயே வீட்டுக்கு வந்து ஒசாகாவில் இருக்கும் மகள் மினாகோவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னதும், அவள் கத்தினாள்.

"இப்பப் போயி காரு விலைக்கு சிடி பிளேயரா? அப்பாவுக்கு என்ன பைத்தியமா?"

"ஆமாண்டி. ரொம்ப வருஷமாவே."

அப்படித்தான் இந்தத் திங்கட்கிழமை காலை ரயிலேறி இருவரும் மாட்சுயாமா வந்திருந்தார்கள். வழியில் குனிஹிரோ மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். கடையின் மாடிப்படியில் நான்காவது முறை.

மூன்று பிளேயரிலும் ஒரே தட்டைத்தான் போட்டார்கள். ஒரு கிழவர் பியானோவை வாசித்துக்கொண்டே தாழ்ந்த குரலில் பாடும் தட்டு. குனிஹிரோ கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூன்றாவது முடிந்ததும், எதிர்பார்த்தபடியே எல்லாம் நடந்துவிட்ட முகத்தோடு கண்ணைத் திறந்தார். அவர் இரண்டு வருடமாக மனதுக்குள் வாங்கி வைத்திருந்தது அதைத்தான். தொமோயேவுக்கும் தெரியும். எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டாள். பசித்தது.

"நீ சொல்லு" என்றார் திடீரென்று.

"நான் என்னத்தச் சொல்ல?"

"மூணுல எது நல்லாருக்கு?"

"ஐம்பது வருஷத்துல இன்னிக்குத்தான் கேக்கத் தோணிச்சா?"

"கேட்டுட்டேன்ல? சொல்லு."

அவள் கைப்பையை மறுபடி கீழே வைத்தாள். பிறகு, "ரெண்டாவது" என்றாள்.

சோகாபே தலை நிமிர்ந்தார். இரண்டாவது, மூன்றிலும் சின்னது. கறுப்பாக, எந்தப் பகட்டும் இல்லாமல் ஓரமாக இருந்தது.

"ஏன்?"

"அதுல அந்தக் கிழவரு பாட வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கறாரு. முதல்ல போட்டதுல மூச்சே இல்ல. இந்தக் குண்டுப் பொட்டியில இருக்கு, ஆனா யாரோ பக்கத்து ரூம்ல விடற மாதிரி இருக்கு. ரெண்டாவதுல ஆளு இங்கயே உக்காந்திருக்காரு. நடுவுல ஒரு தடவ ஸ்டூல் கூடக் கிறீச்சுங்குது."

சோகாபே இரண்டாவதில் தட்டை மறுபடி போட்டார். குனிஹிரோ முன்னால் குனிந்து, காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டார்.

"இப்ப" என்றாள் தொமோயே. சிறிது கழித்து, "இப்ப."

"எங்க?"

"இதோ இப்ப."

அவருக்குக் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்தது. சொல்லியிருக்க வேண்டாமோ என்று நினைத்தாள். அக்டோபரிலிருந்து ஒவ்வொரு இரவும் பக்கத்தில் படுத்து ஒரு மூச்சைக் கேட்டுக் கேட்டு அவள் காது அப்படி ஆகிவிட்டது என்பதை அவரிடம் சொல்ல முடியாது.

குனிஹிரோ நிமிர்ந்தார். சிரித்தார்.

"ரெண்டாவதையே அனுப்பிடுங்க."

"குனிஹிரோ-சான், அவசரமில்ல" என்றார் சோகாபே. "ரெண்டு வருஷமா மூணாவதத்தான் சொல்லிட்டிருந்தீங்க. இன்னொரு தடவ கேளுங்க."

"என் காது இன்ஜின்கிட்ட குடுத்துட்டு வந்த காது. இவளோடது புதுசு. பிரிச்சே பாக்கல."

தொமோயே அவர் தோளில் ஒரு அடி வைத்தாள். சோகாபே வாயைப் பொத்திக்கொண்டு பில் புத்தகத்தை எடுக்கப் போனார். வியாழக்கிழமை தானே கொண்டுவந்து மாட்டித் தருவதாகச் சொன்னார்.

திரும்பும் ரயிலில் கடல் பக்கம் இடம் கிடைத்தது. ஸ்டேஷனில் வாங்கிய மீன் வடையைச் சூட்டோடு பிட்டுத் தின்றார்கள். உப்பு ஆகாது என்று அவருக்குப் பாதிதான் கொடுத்தாள். அதைத் தின்றுவிட்டு அவள் பங்கைப் பார்த்தார். அதிலும் கொஞ்சம் கொடுத்தாள்.

"இவ்ளோ கேக்குதுன்னு நீ சொன்னதே இல்லியே" என்றார்.

"நீங்கதான் உள்ள போயி கதவச் சாத்திக்குவீங்களே."

"உனக்குத் தொந்தரவா இருக்கக்கூடாதுன்னுல்ல சாத்தினேன்?"

"நான் உங்களுக்குத் தொந்தரவுன்னு நெனச்சேன்."

குனிஹிரோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெகுதூரத்தில் ஒரு கப்பல் தீவைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. சத்தம் இல்லாத அந்தத் தூரத்திலும், "இடது இன்ஜின் இழுக்கல அதுல" என்றார். அவள் சிரித்துக்கொண்டே காகிதத்தில் கையைத் துடைத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. படுத்துக்கொள்ளச் சொன்னாள். புதுசுக்கு இடம் பண்ண வேண்டும் என்று அவர் பின்பக்க அறைக்குப் போனார். தொமோயே சமையலறையில் முள்ளங்கி நறுக்க ஆரம்பித்தாள். பழைய பிளேயரை நகர்த்தும் சத்தம் கேட்டது. ஈரத்துணியால் பலகையைத் துடைக்கும் சத்தம். அளவு நாடா சர்ரென்று உள்ளே ஓடும் சத்தம். அரிசியைக் களைந்து வைத்தாள். பிறகு ஒரு சத்தமும் இல்லை.

"டீ போடவா?"

பதில் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு போனாள். இன்று கதவு சாத்தவில்லை. அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கையில் அளவு நாடா. தலை சற்று ஒரு பக்கமாக, யாரோ சொல்வதைக் கேட்பதுபோல. வாசலில் நின்றபடியே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை மாதம் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அந்த அறையில் இல்லை.

கிட்டே போய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தன் ஏப்ரனில் துடைத்து மடித்தாள். நெற்றி இன்னும் சூடாகத்தான் இருந்தது. தரையில் அவர் காலடியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம்தான் டாக்டருக்குப் போன் செய்தாள்.

சாயங்காலத்துக்குள் மினாகோ வந்துவிட்டாள். உடம்பை முன்னறையில் வடக்கே தலை வைத்துக் கிடத்தி, முகத்தில் வெள்ளைத்துணி போட்டிருந்தார்கள். மினாகோ துணியை விலக்கிப் பார்த்தாள்.

"என்னம்மா, சிரிக்கற மாதிரி இருக்காரு?"

"மீன் வட தின்னாரு."

மறுநாள் மாலை ஊதுபத்தி ஏற்ற வந்தவர்களில் சோகாபேயும் இருந்தார். கறுப்பு சூட் போட்டு, மாட்சுயாமாவிலிருந்து ரயிலில் வந்திருந்தார். கும்பிட்டு எழுந்து, தொமோயேவின் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து குரலைத் தணித்தார்.

"நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க. வியாழக்கிழம வரவேண்டியத நான் நிறுத்திடறேன். பணம் அப்படியே வந்துடும்."

"ரொம்ப நன்றிங்க. அப்படியே செஞ்சுடுங்க" என்றாள் மினாகோ.

தொமோயே கையிலிருந்த ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"வியாழக்கிழம எத்தன மணிக்கு வர்றீங்க?"

மினாகோ திரும்பினாள். "அம்மா! அப்பாவே இல்ல. யாரு கேக்கப்போறா?"

"அது நான் பொறுக்கினதுடி."

சோகாபே தரையில் நெற்றி படக் குனிந்தார். "பத்து மணிக்கு வந்துடறேன்" என்றார். எழுந்து போகும்போது வாசலில் ஷூவை மாட்டிக்கொள்ள அவருக்கு நேரம் பிடித்தது.

புதன்கிழமை எரியூட்டி எலும்பு பொறுக்கிக் கொண்டுவந்தார்கள். வியாழக்கிழமை பத்து மணிக்கு சோகாபே வந்தார். குனிஹிரோ துடைத்து வைத்திருந்த பலகையில் பிளேயர் கச்சிதமாக உட்கார்ந்தது. எந்தப் பட்டன் எதற்கு என்று இரண்டு முறை காட்டிக் கொடுத்தார். புது மெஷின் சரியாகப் பழகச் சில நாள் ஓட வேண்டும், சும்மா ஓடவிட்டாலும் போதும் என்றார். டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்.

மினாகோ சுவரோரம் சாய்ந்து நின்றாள். மூன்று நாளாகச் சொல்ல நினைத்ததை இப்போது சொன்னாள்.

"இங்க தனியா இருந்து என்ன பண்ணப்போற? ஒசாகாவுக்கு வந்துடும்மா. ஒரு ரூம் சும்மாத்தான் இருக்கு."

"வரேன்."

"எப்ப?"

தொமோயே ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல் அடுக்கின் இடது ஓரத்துக் கடைசித் தட்டை உருவினாள்.

"இதையெல்லாம் கேட்டுட்டு வரேன்."

மினாகோ சுவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "எத்தன இருக்கும்மா?"

"ஆயிரத்து இருநூறுன்னு சொல்லிட்டிருப்பாரு. நாளுக்கு ஒண்ணு."

மினாகோவின் விரல்கள் மடங்கி மடங்கி விரிந்தன. கணக்குப் போட்டிருப்பாள்.

தட்டு உள்ளே போனது. முதல் நொடியே பெரிய முரசும் பித்தளைக் குழல்களும் ஒன்றாக இடித்தன. ஏதோ ஊர் தீயணைப்புப் படையின் அணிவகுப்பு வாத்தியம். மினாகோ திடுக்கிட்டுக் காதைப் பொத்தினாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திங்கட்கிழமைக்குப் பிறகு முதல் தடவை. "இதையெல்லாமா அப்பா கேட்டாரு?" என்று கேட்டுச் சிரித்து, சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்றாவது பாட்டில் எழுந்து மதியச் சாப்பாடு செய்யப் போனாள்.

தொமோயே கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். ஒன்றுகூட அவளுக்குப் பிடிக்கவில்லை. முடிந்ததும் தட்டை உறையில் போட்டு, ஸ்டூலில் ஏறி, எடுத்த இடத்திலேயே செருகினாள். எதுவரை கேட்டாயிற்று என்று தெரியவேண்டுமே. அதை மட்டும் வரிசையிலிருந்து ஒரு விரல்கடை வெளியே இழுத்துவிட்டாள்.