இருட்டு தேடிப் போன சார்

வாருங்கள் மக்களே, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள். வாசலில் நிற்கிறவர்களும் உள்ளே வாருங்கள், கொசு பிடுங்கும். ஒரு கதை சொல்லப் போகிறேன். நெஞ்சு கொஞ்சம் படபடக்கும் கதைதான். ஆனாலும் உங்களைப் பாதி வழியில் விட்டுவிட்டு நான் எங்கேயும் போய்விட மாட்டேன், பயப்படாதீர்கள்.

தொண்ணூற்றேழாம் வருஷம். பெரிய வால்நட்சத்திரம் ஒன்று வருகிறது என்று பேப்பரெல்லாம் எழுதிக்கொண்டிருந்தது. மார்ச்சில் அது விடியற்காலையில் தெரியும், ஏப்ரல் பிறந்தால் அந்திக்கே வடமேற்கில் வந்து நிற்கும் என்றார்கள். அமரவிளையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த சுந்தரதாஸ் சாருக்கு, அதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை. ஆசைப்பட்டதில் குற்றமில்லை. ஆனால் சாருக்கு இருட்டில் கண் தெரியாது.

பகலில் ஒரு குறையும் கிடையாது. அந்தி மயங்கினால் போதும், ஓரங்களிலிருந்து கறுப்பு ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். இதற்கு மருந்தில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இது அவருடைய மனைவி ஷீனாவுக்கு மட்டும் தெரியும். சார் வெளிச்சம் போகுமுன் வீட்டுக்கு ஓடுகிறவர் என்பது மட்டும்தான் ஊருக்குத் தெரிந்தது.

“சந்தியானா சாருக்கு ஷீனாக்க நெனப்பு வந்திரும்,” என்று வாசகசாலையில் கேலி செய்வார்கள். சார் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டுவார். பெண்டாட்டிதாசன் என்ற பேர் அவருக்கு வசதியாகவே இருந்தது.

பள்ளிக்கூட மைதானத்திலேயே காட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். அங்கே ஒவ்வொரு கல்லும் அவருக்குத் தெரியும், வராந்தாவில் டியூப்லைட்டும் உண்டு. வாசகசாலைக் கூட்டத்தில் அதைச் சொன்னார். செயலாளர் விமலகுமாரி டீச்சர் மறுத்துத் தலையை ஆட்டினாள்.

“அது செரியாவாது சாரே. ஹைவே வெளிச்சம், செக்போஸ்ட் வெளிச்சம். வடமேற்க முழுக்க தெங்கும் ரப்பரும். வாலு காணணும்னா நல்ல இருட்டு வேணும்.”

“இருட்டா? அதுக்கு எங்க ஆனைப்பாறைக்கு வரணும்,” என்றான் ஜீப் ஓட்டும் பொன்னப்பன். பெருங்கடவிளைக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் அவன் வீடு. “கரண்டு இன்னும் எட்டிப் பாக்கல்ல. சந்தியானா சொந்தக் கையி காணாது. அப்பிடிப்பட்ட இருட்டாக்கும்!”

சொந்த ஊர் இருட்டைப் பற்றி ஒருவன் அவ்வளவு பெருமையாகப் பேசி யாரும் கேட்டதில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். பாறையிலேயே தங்குவது, கஞ்சியும் பயறும் வைப்பது, விடிந்து இறங்குவது என்று பேச்சு மளமளவென்று ஓடியது.

“வெளிச்சத்துக்கு ஓலைச்சூட்டு கொளுத்திக்கலாம் இல்லியா?” என்று பொன்னப்பன் கேட்டான்.

“சூட்டும் வேண்டாம், டார்ச்சும் வேண்டாம்,” என்றாள் டீச்சர். “ ஒருக்கா வெளிச்சம் பட்டா கண்ணு பின்னயும் முதல்லேருந்து பழகணும். சார் என்ன சொல்லுதியோ?”

இதே பாடத்தை வகுப்பில் சொல்லிக்கொடுத்தவர் அவர். என்ன சொல்லுவார்? “செரிதான்,” என்றார்.

அன்று ஷீனா சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“வயித்துவலீண்ணு சொல்லி வெலகிருங்க.”

“நான் வெலகினா கேம்பே இல்ல. சார் வாறாருண்ணுதான் பிள்ளையள விடுவாங்க.”

“அதத்தான் நானும் சொல்லுதேன். ஒங்கள நம்பி விடுவாங்க. ஒரு பிள்ள கால் தெற்றினா ஒங்களுக்குத் தெரியுமா?”

சார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். உண்ணவில்லை.

அவள் சொன்னது போலவே நடந்தது. வீடு வீடாகப் போய்ச் சம்மதம் கேட்டபோது எங்கேயும் அதே பதில்தான். சரோஜம் என்று ஒருத்தி, அவளுடைய ஒரே மகள் ஸ்மிதா. அந்தப் பெண் நடந்து யாரும் பார்த்ததில்லை, எப்போதும் ஓட்டமும் துள்ளலும்தான். “கூட சார் உண்டுல்லா? பின்ன எனக்கு என்ன பேடி, என்ன பயம்?” என்று சரோஜம் சிரித்தாள். அந்தச் சிரிப்பு சாரைத் தூங்கவிடவில்லை.

மார்ச் பாதியில் பாறையைப் பார்த்து வர சாரும் டீச்சரும் பொன்னப்பனின் ஜீப்பில் அவனோடு கிளம்பினார்கள். வெளிச்சத்தோடு திரும்பிவிடுவதாகத்தான் ஏற்பாடு. வழியில் டயர் பஞ்சராகி, ஏறிச் சேரும்போது வெயில் மஞ்சளாகிவிட்டது. யானை படுத்தது போல நீண்ட பாறை. வடமேற்கே வானம் கீழ்வரை திறந்து கிடந்தது. அந்தத் திறப்புக்கு நேர் கீழே பழைய குவாரிக் குழி, அடியில் பச்சைத் தண்ணீர். வால்நட்சத்திரத்தை நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் அந்த விளிம்புப் பக்கம்தான் போய் நிற்க வேண்டும்.

“போவலாம், நேரமாச்சு,” என்று சார் சொல்லிக்கொண்டே இருந்தார். அடுப்பு எங்கே கூட்டுவது, பெண்பிள்ளைகள் எங்கே படுப்பது என்று டீச்சர் அளந்துகொண்டே இருந்தாள். சூரியன் போய்விட்டது. சாரின் கண்ணில் கறுப்பு ஏறியது. அவர் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

“சாரே, கெழக்க செவப்பா ஒண்ணு நிக்குதே, அது எது?” என்று பொன்னப்பன் கேட்டான்.

“செவ்வாய்.”

“உச்சீல வரிசையா மூணு?”

“ஓரியன் வேட்டைக்காரனுக்க இடுப்பு.”

“எப்பா! தலையத் தூக்காமலே சொல்லுதாரே!”

மாசத்தையும் நேரத்தையும் மனசுக்குள் கணக்குப் போட்டுச் சொன்ன பதில்கள் அவை. பொன்னப்பனுக்கு மெத்த சந்தோஷம். “இஞ்ச வாங்க சாரே, இங்கேருந்து இன்னும் நல்லா காணும்,” என்றான். சார் அந்தக் குரலை நோக்கி ஓர் அடி வைத்தார். அடுத்த அடியில் கால் சரிவில் இறங்கியது.

“சாரே! அங்க இல்ல!” டீச்சர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். காலடியிலிருந்து பெயர்ந்த கல் ஒன்று தட்டித் தட்டி இறங்கிப் போனது. கொஞ்சம் கழித்துத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

சார் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“டீச்சரே, எனக்கு இருட்டில கண்ணு தெரியாது.”

பொன்னப்பன் சிரித்தான். “பின்ன, இப்ப செவ்வாய்ண்ணு சொன்னது?”

“கணக்கு.”

அவன் சிரிப்பு நின்றது. “எனக்க மோளும் வாறா சாரே. இந்தக் குழிக்க பக்கத்தில அவள ஒங்க கையிலயா விட இருந்தேன்?”

சாரின் இரண்டு கைகளையும் இருவரும் பிடித்துப் பாறையிலிருந்து இறக்கினார்கள். ஜீப்பில் ஏறியதும் டீச்சர் சொன்னாள்: “வீட்டுக்காரங்ககிட்ட நீங்களே சொல்லணும். சொல்லல்லேண்ணா கேம்ப் இல்ல.”

சொன்னார், மக்களே. பெற்றோரைக் கூட்டி, நடுவில் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிள்ளை தப்பை ஒப்புக்கொள்வது போலச் சொன்னார். முதலில் எழுந்தது சரோஜம்தான். இப்போது அவள் சிரிக்கவில்லை.

“ஒங்களுக்குக் காணாத எடத்தில எனக்க பிள்ளைய யாரு காணும்?”

“எனக்கும் அதே பேடிதான் சரோஜம். அதனால பிள்ளையள பாத்துக்கிடுத பொறுப்பு எனக்கு வேண்டாம். ஒரு பிள்ளைக்கு வீட்டிலேருந்து ஒரு ஆளு கூட வரணும். நான் ஒரு எடத்தில இருந்து பாடம் சொல்லுவேன். அவ்வளவுதான்.”

சிலர் எழுந்து போய்விட்டார்கள். ஒருவன் வாசலில் நின்று, “குருட்டு வாத்தியாருக்கு நட்சத்திரம் காட்டப் போணுமாம்!” என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் போனான். சார் கைகளைப் பின்னாலிருந்து எடுக்கவே இல்லை. சரோஜம் மட்டும் போகாமல் நின்றாள்.

“நான் வாறேன். எனக்கு முட்டுவேதன உண்டு, பாறை ஏறணும். அந்தப் பாவமும் சாருக்குத்தான்.”

ஏப்ரலில், அமாவாசையை ஒட்டிய ஒரு நாள் போனார்கள். மத்தியானம் முழுவதும் மேகம். மேகம் விலகாவிட்டால் என்ன செய்வது என்று டீச்சருக்குக் கவலை. விலகினால் என்ன ஆகும் என்று சாருக்குக் கவலை. பொன்னப்பன் அன்று பகலெல்லாம் சாரோடு பேசவில்லை. விளிம்புக்கு வெகு முன்னாலேயே கம்பு ஊன்றி வடம் கட்டினான். வெளிச்சம் மங்கியதும் தானாக வந்து சாரின் கையைப் பிடித்துக் கொண்டுபோய் ஒரு மேட்டில் உட்காரவைத்தான்.

“இஞ்ச இரிங்க. எந்திரிச்சா இதே வடத்தில ஒங்களையும் கெட்டிப் போடுவேன்.”

சார் உட்கார்ந்த இடத்திலிருந்தே எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், எவ்வளவு உயரத்தில் தேட வேண்டும் என்று சொன்னார். அவரைச் சுற்றிச் சத்தங்கள். கஞ்சிப்பானை இறங்கும் சத்தம், சரோஜத்தின் முனகல், ஸ்மிதாவின் காலடி அங்கும் இங்கும். ஒவ்வொரு சத்தத்தையும் அவர் காதால் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று எல்லாம் நின்றது.

ஒரு பேச்சில்லை, ஒரு இருமலில்லை. குழி, தண்ணீர், அந்தக் கல். யாரோ விழுந்துவிட்டார்கள், அதனால்தான் எல்லோரும் வாயடைத்து நிற்கிறார்கள்.

“ஸ்மிதா!”

பதில் இல்லை.

“மோளே, ஸ்மிதா!” எழுந்து நின்றுவிட்டார்.

“அவ இஞ்ச எனக்க மடியில இருக்கா சாரே,” என்றது சரோஜத்தின் குரல், எரிச்சலோடு. “சும்மா கெடங்க. வாலு வந்திருக்கு. நாங்க பாக்கோம்.”

ஆனால் சாரால் சும்மா இருக்க முடியவில்லை. வந்திருந்த பிள்ளைகளின் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். வானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, இருட்டின் ஒவ்வொரு மூலையிலிருந்தும், “உண்டு சாரே,” “உண்டு சாரே” என்று பதில் வந்தது. கடைசிப் பெயருக்கும் பதில் வந்த பிறகுதான் அவர் உட்கார்ந்தார். பொன்னப்பன் அவர் கையைப் பிடித்து, வடமேற்கே தூக்கி, “தா, இஞ்சதான் நிக்குது,” என்று வைத்தான். கை நோகும் வரை சார் அதை இறக்கவில்லை.

அவ்வளவுதான் மக்களே. எழுந்து பத்திரமாக வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீடுகளில் அந்தி மயங்கிய பிறகு யார் யாரைக் கூப்பிட்டாலும், “உண்டு” என்று ஒரு குரல் தவறாமல் வரட்டும். ஒரு பெயரும் பதிலில்லாமல் போகாதிருக்கட்டும்.