எல்லைக்கல்லுக்கு இப்பால்

ராஜாவும் போயாச்சு, ஜமீனும் போயாச்சு. ஆனாலும் ஆனி மாதம் மதகு திறக்கும் நாளன்று அந்த வம்சத்தில் ஒருவர் எல்லைக்கல்லுக்கு அப்பால் வெறுங்காலோடு நின்றாக வேண்டும். ஊரைக் கேட்காமல் தண்ணீரில் கை வைக்க மாட்டேன், நெல்லில் கை வைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். அதன் பிறகே ஊர் "வாங்க" என்று சொல்லும். தண்ணீர் கேட்டவனை வெட்டிப்போட்ட ஒரு ராஜாவை ஊரே கூடி அந்தக் கல்லருகே மறித்துப் பணியவைத்த நாளிலிருந்து வரும் வழக்கம் இது. வாக்கு வாங்காமல் அழைத்துவிட்டால் ராஜாவுக்குக் கட்டுப்பாடு இல்லை என்றும் அதே கல்லில் வெட்டியிருக்கிறது.

இந்த வருஷம் அழைக்கும் முறை சுப்புலக்ஷ்மி டீச்சர் வீட்டுக்கு. மதகு தங்களுக்கே சொந்தம் என்று அரண்மனை போட்ட வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஊர் கையில் இருந்த ஒரே ஆதாரம் இந்த வாக்குதான். "ஒரு வருஷம் தப்பினாலும் போச்சு மாமி" என்று வக்கீல் ஹரீஷ் சொல்லிவிட்டுப் போயிருந்தான். இரண்டு நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கடைமடையில் நாற்பது வீட்டு வயல் அவள் நாக்கை நம்பிக் கிடந்தது.

காலையிலேயே மதகைத் திறந்துவிட்டார்கள். பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன அரண்மனை வாரிசு துரை, உச்சிவெயிலில்தான் வந்தார். கூடவே, ஊர் இதுவரை பார்த்திராத அவர் மனைவி. நிறைமாதம். தார்ரோட்டில் செருப்பில்லாமல் நடந்து வந்திருந்தாள்.

துரை கல்லருகே நின்றார். வாக்குச் சொல்லவில்லை. நிதானமாக முகத்தைத் துடைத்தார். பின்னால் ஒருவன் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். சுப்புலக்ஷ்மி தண்ணீர்ச் சொம்போடு கல்லுக்கு இப்பால் நின்றாள். அந்தப் பெண் காலை மாற்றி மாற்றி வைத்தாள், பிறகு தள்ளாடினாள்.

"ஐயோ, வாங்கோம்மா. நிழலுக்கு வாங்கோ."

நுணலும் தன் வாயால் கெடும் என்று ஐந்தாம் வகுப்புக்கு வருஷா வருஷம் சொல்லிக்கொடுப்பவள்தான் அவள். ஆனால் சுடுகிற காலைப் பார்த்தபின் எந்த வாய் சும்மா இருக்கும்?

மனைவிக்கு முன்னால் துரை கல்லைத் தாண்டினார். "ஊரு கூப்பிட்டாச்சு. படம் பிடிச்சிட்டியாலே?"

அவளைத்தான் கூப்பிட்டேன் என்று சுப்புலக்ஷ்மி சொல்லிப் பார்த்தாள். கேட்பாரில்லை. புதுப்பூட்டும் கையுமாகத் துரையின் ஆட்கள் இரண்டு பேர் மதகை நோக்கி நடந்தார்கள்.

வேப்பமர நிழலில் அந்தப் பெண் சொம்பை வாங்கினாள். தலை நிமிரவில்லை. "செருப்பைக் கழத்தச் சொன்னதே அவுகதான்க்கா" என்றாள் பைய.

அவள் குடித்து முடிப்பதற்குள் கால்வாயில் தண்ணீர்ச் சத்தம் நின்றுபோயிருந்தது.