எங்கள் தெரு தாடி வைத்த கதை

எங்கள் தெருவின் நல்லுறவுக் குழு பிறந்தது என் சலூனில்தான். பெரிய காரணம் ஒன்றுமில்லை, தெருவில் எட்டு நாற்காலி உள்ள ஒரே இடம் அது. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களோடு பழக ஒவ்வொரு தெருவும் ஒரு குழு அமைக்க வேண்டும், ஒவ்வொருவரும் அவரவர் வாசலில் ஒரு தூதராக இருக்க வேண்டும் என்று நகராட்சியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. மருந்துக்கடைக்காரர் அதை மூன்று முறை உரக்கப் படித்துவிட்டுத் தானே தலைவர் என்று முடிவு செய்துகொண்டார். நாற்காலி கொடுத்த பாவத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்.

தெருவில் வெளிநாட்டுக் குடும்பம் இருந்ததே ஒன்றுதான். அந்த ஆள் என் கடைக்கு நேர் எதிரே சலூன் திறந்திருந்தான். அதாவது, என் பிழைப்பில் மண்ணைப் போட வந்தவனோடு நல்லுறவு வளர்ப்பது என் பொறுப்பு. அதற்கு ஒரு பதிவேடு வேறு கொடுத்தார்கள். அதில் 'புரிந்துணர்வு: குறைவு, நடுத்தரம், அதிகம்' என்று மூன்று கட்டம். நான் வாராவாரம் நடுத்தரத்தில் ஒரு டிக் அடித்துவிட்டு மூடி வைத்துவிடுவேன்.

அவனோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் ஒரு சலூன்காரனை எடைபோட இன்னொரு சலூன்காரனுக்குப் பேச்சு எதற்கு? அவன் கடையிலிருந்து வெளியே வருகிறவர்களின் பிடரியைப் பார்த்தால் போதும். வேறு தெருக்களிலிருந்து வந்து அவனிடம் முடி வெட்டிக்கொண்டு போன ஒவ்வொரு பிடரியையும் நாலு மாதம் உற்றுப் பார்த்தேன். ஒரு கோடாவது கோணலாக இருக்க வேண்டுமே. இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்போது ஆறு மாதமாக என் வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. முடி வெட்டுவதில் அது வெளியே தெரியாது. கத்தரிக்கோல் சீப்பின் மேல் சாய்ந்து போகும், சீப்பு தலையில் சாய்ந்து நிற்கும். சவரக்கத்திக்கு அப்படிச் சாய எதுவும் கிடையாது. ஒருநாள் ஒருவர் கழுத்தில் கத்தியை வைத்தபோது அது தானாக இரண்டு முறை ஆடியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு சுகமாகப் பாடிக்கொண்டிருந்தார். விஷயம் வெளியே தெரிந்தால் ஷேவிங் மட்டுமா போகும்? கடையே போய்விடும். நடுங்குகிற கையிடம் யார் தலையைக் கொடுப்பார்கள்?

அன்றைக்கே ஒரு பொய்யைக் கண்டுபிடித்தேன். சவரம் செய்தால் தோல் சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது, பத்திரிகையில் போட்டிருக்கிறான், என் கடையில் இனி அந்தப் பாவம் நடக்காது என்றேன். கையில் கத்தரிக்கோலோடு பின்னால் நிற்கிறவன் என்ன சொன்னாலும் ஆண்கள் நம்புவார்கள் என்பது என் முப்பது வருட அனுபவம். கடையில் மட்டுமல்ல, வீட்டிலும் ஒருவரும் மழித்துக்கொள்ளவில்லை. மூன்றே மாதத்தில் தெருவே தாடிக்குள் போய்விட்டது. மருந்துக்கடைக்காரரின் தாடி சட்டையின் முதல் பொத்தானைத் தொட்டது. தோல் இப்போது மினுமினுப்பாக இருக்கிறது என்று அவரே எனக்கு நன்றி சொன்னார். அந்தத் தோல் எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

மனைவியிடமும் நான் மூச்சு விடவில்லை. வீட்டில் எல்லாவற்றையும் இடது கையால் செய்யப் பழகிக்கொண்டேன். கேட்டதற்கு, மூளைக்கு நல்லது என்றேன். அதற்கு முதலில் அது இருக்க வேண்டுமே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கண்டுபிடித்தவன் ஒருவன்தான், என் மைத்துனன். அவனும் எங்கள் தொழில்தான். சலூன்காரன் தன் தலையைத் தானே வெட்டிக்கொள்ள முடியாது என்பதால் இருபது வருடமாக என் தலை அவன் கையில் இருந்தது. ஒருநாள் எனக்கு முடி வெட்டும்போது டீ டம்ளரை நான் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, கையில் என்ன கோளாறு என்று கேட்டான். நான் உடனே கிருதாவைக் கோணலாக வெட்டிவிட்டாய் என்று சண்டை பிடித்து, பாதி வெட்டிய தலையோடு எழுந்து வந்துவிட்டேன். கிருதா கோணலாக இல்லை. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு ஏழு வாரம் என் தலையில் கத்தரிக்கோல் படவில்லை. சலூன்காரன் காடுபோல் முடி வளர்த்துக்கொண்டு கடையில் நின்றால் யார் உள்ளே வருவார்கள்? "உங்களப் பாத்தா கடைய மூடிட்டுச் சாமியாராப் போறவர் மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

அந்தச் சமயம் பார்த்து, சனிக்கிழமை பத்து மணிக்கு நகராட்சி அதிகாரியம்மா வந்து எங்கள் நல்லுறவைப் பார்வையிடுவார் என்று செய்தி வந்தது. காட்டுவதற்கு எங்களிடம் நல்லுறவு என்று ஒன்று இருந்தால்தானே? மருந்துக்கடைக்காரர் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு யோசனை சொன்னார். செயலாளர் எதிர்க்கடைக்குப் போய் அதிகாரியின் கண் முன்னால் முடி வெட்டிக்கொள்ள வேண்டும். நான் செத்தாலும் மாட்டேன் என்றேன். குழு ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டது. ஒருமனது என்றால் என் மனதைக் கணக்கில் சேர்க்காமல்.

சனிக்கிழமை அவன் கடையில் போய் உட்கார்ந்தேன். இரண்டு சலூன்காரர்களுக்கு ஒரு தலை என்பது தாங்காத விஷயம். அவன் சொல்வதற்கு முன்னால் நான் தலையைச் சாய்ப்பேன், அவன் நிமிர்த்தி வைப்பான். நான் வலது காதிலிருந்து தொடங்குகிறவன், அவன் பிடரியிலிருந்து தொடங்கினான். நான் தண்ணீர் தெளித்து வெட்டுவேன், அவன் காய்ந்த முடியையே வெட்டினான். இரண்டு முறை கையை நீட்டிச் சீப்பைக் கேட்டேன். மூன்றாவது முறை அவன் என் கையைப் பிடித்துத் துணிக்குள்ளே வைத்து, குழந்தைக்குத் தட்டுவதுபோல் மேலே தட்டினான். வாசலில் நின்ற என் மனைவி அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை. ஆனால் முடிந்த பிறகு கண்ணாடியில் பார்த்தேன். என்ன சொல்ல, மைத்துனன் இருபது வருடத்தில் ஒருமுறைகூட எனக்கு அப்படி வெட்டியதில்லை.

அதிகாரியம்மா நிறைய படம் எடுத்துக்கொண்டார். பிறகு அவன் மனைவியைக் கூப்பிட்டார். அந்தப் பெண் எங்கள் பேச்சைக் கொஞ்சம் கற்றிருந்தாள். இங்கே வந்த பிறகு நம்முடைய பழக்கம் எதையாவது ஏற்றுக்கொண்டீர்களா என்று அதிகாரியம்மா கேட்டார்.

அவள் தன் கணவனின் முகத்தைக் காட்டினாள். "இந்தத் தாடி. எங்க ஊர்ல இவர் தினம் ரெண்டு தடவ ஷேவ் பண்ணுவார். இங்க எல்லா ஆம்பளைங்களும் தாடி வெச்சிருக்காங்க. உங்க வழக்கம்னு நெனச்சோம். மரியாதை இல்லாம இருக்கக் கூடாதுன்னு இவரும் வெச்சுக்கிட்டார். ரொம்ப அரிக்குது. ஆனா பொறுத்துக்கிறார்."

கூட்டத்திலிருந்த தாடிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. மருந்துக்கடைக்காரர்தான் முதலில் சிரித்தார். அப்படி எந்த வழக்கமும் இங்கே இல்லையம்மா, இதெல்லாம் நம்ம செயலாளரின் தோல் வைத்தியம் என்று முழுக்கதையையும் சொல்லிவிட்டார். அவள் அதைத் தன் மொழியில் சொல்லச் சொல்ல அவன் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. மாதக்கணக்காக வீணாகச் சொறிந்துகொண்டிருந்தவன் அல்லவா.

அதோடு விட்டிருக்கலாம். அதிகாரியம்மாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. அப்படியானால் அந்தத் தாடியைச் செயலாளரே தன் கையால் எடுத்துவிடட்டும், இன்று ஒரு நாள் கொள்கையைத் தளர்த்திக்கொள்ளட்டும், நட்புக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் என்ன சொல்லி மறுப்பது? வாயைத் திறந்தால் உண்மை வந்துவிடும்போல இருந்தது.

அவன் நாற்காலியில் உட்கார்ந்து துணியைத் தானே கழுத்துவரை போர்த்திக்கொண்டான். தாடியைக் கத்தரித்து, நுரை பூசி முடிக்கிறவரைக்கும் எப்படியோ சமாளித்துவிட்டேன். பிறகு கத்தியை எடுத்தேன். சும்மாவே ஆடுகிற கை, இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தால் கேட்க வேண்டுமா? துண்டில் கத்தியைத் துடைப்பதுபோல் நேரத்தைக் கடத்தினேன். நிமிர்ந்தபோது கண்ணாடியில் அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தொழில்காரன். ஒரு பார்வை அவனுக்குப் போதும். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவன் எழுந்துகொள்வான், மனைவி காரணம் கேட்பாள், அவன் சொல்வான், நாளைக் காலை என் கடையில் ஈ ஓட்டவும் ஆள் இருக்காது.

அவன் எழுந்துகொள்ளவில்லை. தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடி, கழுத்தை எனக்கு நீட்டினான். நான் குனிந்து கத்தியைப் பக்கத்தில் கொண்டுபோனேன். அப்போது துணிக்கு அடியிலிருந்து அவனுடைய கை மெதுவாக மேலே வந்து, என் முழங்கையைக் கீழிருந்து தாங்கிப் பிடித்தது.

வெளியே இருந்து பார்த்தால் துணி கொஞ்சம் புடைத்திருக்கும், அவ்வளவுதான். அந்தப் பிடி சுவரைப்போல் அசையாமல் இருந்தது. நான் கத்தியை இழுத்தேன். நேராகப் போனது. நான் பக்கம் மாறினால் அந்தப் பக்கத்துக் கை வந்தது, கீழே இறங்கினால் கூடவே இறங்கியது. இத்தனைக்கும் கத்தி இருந்தது அவன் கழுத்தில். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நுரை பட்டுவிட்டது என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். இதுவரை அவன், இவன் என்றே சொல்லி வந்துவிட்டேன். இனிமேல் எனக்கு அப்படிச் சொல்ல வாய் வராது.

ஒரு கீறல்கூட இல்லாமல் அவர் எழுந்தார். அதிகாரியம்மா என் பதிவேட்டை வாங்கி 'அதிகம்' கட்டத்தில் பெரிதாக டிக் அடித்துவிட்டுப் போனார். கூட்டம் கலைந்தது. நாங்கள் நாலு பேர் மட்டும் மிஞ்சினோம். அவர் என் வலது கையை எடுத்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, தன் மனைவியிடம் மெல்ல ஏதோ சொன்னார்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்குன்னு கேக்கிறார்" என்றாள் அவள்.

என் மனைவி பக்கத்திலேயே நின்றாள். எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம், பொய்க்கா எனக்குப் பஞ்சம்? ஆனால் என் கை இன்னும் அவர் கையில் இருந்தது. "ஆறு மாசமா" என்றேன்.

தெருவைக் கடந்து எங்கள் வாசலுக்கு வந்த பிறகுதான் மனைவி வாயைத் திறந்தாள். "எங்கிட்ட இதச் சொல்றதுக்கு ஒரு குழு போட வேண்டியிருந்துச்சா?" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் குரலும் என் கையைப்போல்தான் இருந்தது.

டாக்டரைப் பார்க்கத் திங்கட்கிழமைக்கு அவளே நேரம் வாங்கிவிட்டாள். நடுவில் ஞாயிற்றுக்கிழமை இருந்தது, எங்கள் தொழிலில் கூட்டம் உள்ள நாள். கடையைத் திறந்ததும் மருந்துக்கடைக்காரர் முதல் ஆளாக வந்து உட்கார்ந்து தாடியைத் தடவினார். நேற்று அந்த மனிதருடைய முகத்தைப் பார்த்ததிலிருந்து தனக்கும் ஆசையாக இருக்கிறது, கொள்கையை இன்னும் ஒரே ஒரு நாள் தளர்த்தக் கூடாதா என்று கேட்டார். அவருக்குப் பின்னால் ஆறு தாடிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

ராத்திரி முழுக்க நான் சொல்லிப் பார்த்துக்கொண்ட வசனம் வேறு. அதில் தோல், பருவநிலை எல்லாம் வந்தது. அவர்களைப் பார்த்ததும் அது மறந்துபோயிற்று.

"தோலும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்குக் கை நடுங்குது" என்றேன். "முடி வெட்டணும்னா உக்காருங்க. ஷேவிங்னா எதிர்ல போங்க. அவரு கை நல்ல கை."

ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு மருந்துக்கடைக்காரர் எழுந்தார், மற்றவர்களும் எழுந்தார்கள். ஒருவர் பின் ஒருவராகத் தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குள் போனார்கள். நான் காலி நாற்காலிகளோடு நின்றேன். சவரம் முடித்துக்கொண்டு முதலில் வந்த மருந்துக்கடைக்காரர் வீட்டுக்குப் போகவில்லை. நேராக என் கடைக்கு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து, முடியைக் கொஞ்சம் குறைத்துவிடச் சொன்னார்.