கயிறு பிடிப்பவள்

மூன்றாவது தடவையாக அவர் மகளின் இடுப்புப் பட்டையில் இருந்த கொக்கியைத் திருகிப் பார்த்தபோது பயிற்சியாளர் சிரித்துவிட்டாள். "சார், நீங்க திருகுற திருகுல அதுவே கழண்டுடும்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கம்பி எங்கே நைந்துபோகும் என்று தெரிந்திருப்பதுதான் அவர் பிழைப்பு. தெரியாதவர்கள் லிஃப்டுக்குள் நிம்மதியாக நின்று தலை வாரிக்கொள்கிறார்கள்.

பழைய கிடங்கு ஒன்றின் சுவர் முழுக்கப் பிடிகளைப் பதித்து, சனிக்கிழமைதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏறக் கற்றுக்கொடுக்கிறார்கள். மகளை இங்கே சேர்த்துவிட்டது மனைவி. பரீட்சையில் தோற்றதிலிருந்து அந்தப் பெண் சாப்பாட்டுக்கு மட்டும்தான் அறையைவிட்டு வெளியே வந்தாள். அதுவும் தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்ப உள்ளே போய்விடுவாள். தவழும் வயதில் பக்கவாட்டிலேயே போனாள் என்று நண்டு எனப் பேர் வைத்தவர் அவர்தான். நண்டு வளைக்குள் போய் ஆறு மாதம். இங்கே வந்த நாலாவது வாரம் வீட்டில் எல்லோரோடும் சாப்பிட உட்கார்ந்து, கால் பெருவிரலை எப்படி ஊன்ற வேண்டும் என்று கரண்டியை வைத்து விளக்கினாள். மனைவி எழுந்து சமையலறைக்குப் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தாள்.

இன்று முதல்முறையாக உச்சிவரை ஏறுகிறாள். வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது, அவள் இடுப்பிலிருந்து உச்சி வளையம் வழியாக இறங்கும் கயிற்றைக் கீழே பிடிக்கப்போவது பல்லுக்குக் கம்பி போட்ட ஓர் ஒல்லிப் பெண் என்று. ஊதினால் பறந்துவிடுவாள். பயிற்சியாளர் பின்னால் நின்று கயிற்றின் நுனியைப் பிடித்திருப்பாளாம்.

"நான் பிடிக்கிறேனே."

"உங்க பொண்ணக் கேளுங்க."

நண்டு தலைக்கவசத்தின் வாரை இழுத்துக்கொண்டே சொன்னாள்: "வேணாம்பா. நீ பிடிச்சா நான் மேல பாக்கமாட்டேன். உன் மூஞ்சியத்தான் பாத்துட்டிருப்பேன்."

அவர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

பாதிவரை மளமளவென்று ஏறினாள். அதற்கு மேல் ஒரு பிடிக்கு எட்டிப் பார்த்தாள், எட்டவில்லை. வலது கால் தையல் இயந்திரம் மாதிரி நடுங்க ஆரம்பித்தது. இறங்கிடு, இறங்கிடுடா என்று அவர் உதடு வரை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டார். அந்த நொடியில் அவள் கால் நழுவியது.

ஓர் ஆள் உயரம் விழுந்தாள். கயிறு விறைத்தது. ஒல்லிப் பெண் இரண்டடி முன்னால் இழுபட்டு, நுனிக்காலில் நின்றாள். கயிற்றை விடவில்லை. அவர் எப்போது எழுந்தார், எப்போது அவள் பக்கத்தில் போய் நின்றார் என்று அவருக்கே தெரியாது. "இறக்கும்மா, மெதுவா இறக்கு," என்றார்.

ஒல்லிப் பெண் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "இறக்கவாடீ?" என்று மேலே பார்த்துக் கேட்டாள்.

நண்டு சுவர்ப்பக்கம் முகத்தை வைத்துத் தொங்கினாள். அழுகிறாளா, மூச்சு வாங்குகிறாளா, கீழிருந்து தெரியவில்லை.

"இரு," என்றாள் நண்டு. "கொஞ்சம் அப்படியே பிடிச்சுக்கோ."

இடுப்புப் பைக்குள் ஒவ்வொரு கையாக விட்டு, பிடி வழுக்காமலிருக்கச் சுண்ணத்தூளை உள்ளங்கையில் தேய்த்தாள். வெள்ளைத் தூள் ஜன்னல் வெளிச்சத்தில் மெல்ல இறங்கி, அண்ணாந்திருந்த ஒல்லிப் பெண்ணின் நெற்றியிலும் இமையிலும் படிந்தது. கண் கலங்கி நீர் வழிந்தது. அதைத் துடைக்க அவள் கையை எடுக்கவில்லை.