கண்ணாயியின் நிழல் மரங்கள்

கண்ணாயிக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. பால்காரன் ஒருநாள் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால், இன்றைக்கு ஏன் கலக்கவில்லை என்று யோசிக்கிற பிறவி. அப்படிப்பட்டவளிடம் வந்து, "உங்க தோட்டத்து மரத்த அளந்துக்கலாமுங்களா?" என்று கேட்டாள் காடுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் சேலத்துப் பெண் மோனிஷா. அடுத்த வாரம் அவர்கள் மலையூரான கொட்டச்சேட்டுக்கு மேலே ஒரு விமானம் பறக்குமாம். அதிலுள்ள ரேடார் காட்டின் உயரம், அடர்த்தி எல்லாவற்றையும் அளக்குமாம். அது சொல்வது சரிதானா என்று பார்க்க, தரையில் நாலு மரத்தை டேப் பிடித்து அளக்க வேண்டுமாம்.

கண்ணாயி தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். மாமனார் காலத்திலிருந்து காப்பி பறிக்கிற நிலம். இன்னும் பட்டா வரவில்லை. மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். இந்த நேரத்தில் அளவு என்றால் சும்மாவா?

"ஒண்ணும் அளக்க வேண்டாம். போ கண்ணு, பஸ்ஸு போயிரும்" என்று படலைச் சாத்திவிட்டாள்.

பக்கத்துத் தோட்டத்துச் சின்னராஜ் அன்று மாலையே வந்தான். மர லாரி வைத்திருப்பவன்.

"அக்கா, மரம் ஒசரமா நின்னா காடுன்னு எழுதிப்புடுவாங்க. காடுன்னு ஆயிட்டா உங்களுக்கு ஏதுங்க தோட்டம்? விமானம் வர்றதுக்குள்ள வெட்டிப்புடுங்க. லாரிய நானே கொண்டாறேன்."

காப்பிக்கு நிழல் தரும் மரங்களில் மழைக்கு முன்னால் கிளை கழிப்பது வருஷாவருஷம் உள்ள வழக்கம்தான். அடியோடு வெட்ட யாருக்காவது மனம் வருமா? புருஷன் முனியப்பன், "யோசிச்சுச் செய்யி புள்ள" என்றான். "நீங்க யோசிச்சிட்டே இருங்க, நெலம் போயிரும்" என்று அவன் வாயை அடைத்தாள். ஊரையே சந்தேகப்பட்டவள், கோடாலியோடு வந்தவனை மட்டும் சந்தேகப்படவில்லை. பாவி மகள்! அத்தனை மரமும் சின்னராஜின் லாரி ஏறி மலையிறங்கிப் போயின.

சொன்னபடி விமானம் வந்தது. ஏர் ஓட்டுவது போல மலைமேல் போய்ப் போய்த் திரும்பியது. கண்ணாயி வெட்டவெளியில் நின்று அதை அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள்.

தை மாதம் மோனிஷா விமானம் எடுத்த படத்தோடு வந்தாள். காடு கரும்பச்சை, தோட்டமெல்லாம் பச்சை. கண்ணாயியின் இடம் மட்டும் சிவப்பு.

"இந்த ரேடாரு இலைக்கு அடியிலயும் பாக்குமுங்க. மேல நெழல் மரம், கீழ காப்பி, நடுவுல காலி. இப்படி இருந்தா அது காடு இல்ல, பழைய தோட்டம்னு தனியாக் காட்டிரும். பக்கத்துத் தோட்டக்காரங்க எல்லாம் பட்டா மனுவோட இந்தப் படத்தச் சேத்துக் குடுத்துட்டாங்க. உங்களுது மட்டும் புதுசாக் காட்டை அழிச்ச மாதிரி தெரியுதுங்க. அன்னிக்கு நாலு மரத்த அளக்க விட்டிருந்தாக்கூட, அதையாவது காட்டியிருக்கலாம். ஏனுங்க வெட்டுனீங்க?"

கண்ணாயி படத்தில் சின்னராஜின் தோட்டத்தைத் தேடினாள். ஒரு மரம் குறையாமல் பச்சைப் பசேல் என்று இருந்தது.

மோனிஷாவின் கையைப் பிடித்துத் தோட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு போனாள். காப்பிச் செடிகள் வெயிலில் கருகி நின்றன. நடுவே உட்கார்ந்து இரண்டு கையாலும் சருகை ஒதுக்கினாள்.

"அடிக்கட்டை இருக்குது சாமி. நொம்ப வயசான மரம்னு பாத்தாத் தெரியுமில்ல? இதையாவது அளந்துக்க."